க்வேஷி: கொரியாவின் முதல் ஜாம்பி படம் ஏன் ஏமாற்றுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் படம்?

1981இல் தென் கொரியாவில் வெளிவந்த 'க்வேஷி'. இயக்கியவர் காங் பொம்கு. விசித்திரமான பிணம் என்று தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். கொரியாவின் முதல் ஜாம்பி படம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். 1974இல் ஸ்பெயினும் இத்தாலியும் சேர்ந்து தயாரிக்க, ஹோர்ஹே கிராவ் இயக்கிய ஒரு படத்தை வைத்து எடுக்கப்பட்டது. அந்த மூலப் படத்துக்கு நாட்டுக்கு ஒரு பெயர் உண்டு. இறந்தவர்களின் உறக்கத்தைக் கலைக்கக் கூடாது என்பது ஸ்பானிய, இத்தாலியத் தலைப்புகளின் பொருள். ஆங்கிலத்தில் மான்செஸ்டர் சவக்கிடங்கைக் குறிக்கும் பெயரும் உண்டு என்பதால், இங்கே சுருக்கமாக 'மான்செஸ்டர் படம்' என்றே குறிப்பிடுகிறேன்.

2016இல் வந்த கொரிய ஜாம்பி படமான 'பூசானுக்குப் போகும் ரயில்' பார்த்துவிட்டு இந்த வகையின் வேர்களைத் தேடுபவர்கள் கடைசியில் 'க்வேஷி'யில் வந்து நிற்கிறார்கள். பெரும்பாலும் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். அந்த ஏமாற்றம் நியாயமானது. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் தவறானவை.

மான்செஸ்டர் படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

மிகச் சிறந்த ஒரு திகில் படத்துக்கு வேண்டிய அனைத்தும் இருக்கின்றன. 1968இல் ஜார்ஜ் ரொமேரோ கறுப்பு வெள்ளையில் எடுத்த ஜாம்பி படம் உலகெங்கும் ஓடியிருந்தது. அதுபோல ஒன்று, ஆனால் வண்ணத்தில் வேண்டும் என்றுதான் தயாரிப்பாளர் எட்மொண்டோ அமாட்டி கேட்டார். கிராவ் கொடுத்தது அதைவிடப் பெரியது.

முதல் சில நிமிடங்களில் கதை என்று எதுவும் நடப்பதில்லை. மான்செஸ்டர் நகரத்தின் புகை, குளிர்விப்புக் கோபுரங்கள், நெரிசலில் நிற்கும் கார்கள். ஆடையில்லாத ஒரு பெண் சாலையைக் கடந்து ஓடுகிறாள். கார்களில் இருப்பவர்கள் அசைவதாகவே இல்லை. உயிரோடு இருப்பவர்கள் ஏற்கெனவே பாதி இறந்துவிட்டார்கள் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறார் கிராவ்.

பழம்பொருள் கடை நடத்தும் ஜார்ஜ் அந்த நகரத்தை விட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறான். ரே லவ்லாக் நடித்த பாத்திரம். வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் எட்னா என்ற பெண் காரைப் பின்னால் எடுக்கும்போது அவன் வண்டியை நொறுக்கிவிடுகிறாள். கிறிஸ்டினா கல்போ நடித்த அந்த எட்னா தன் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். வேறு வழியில்லாமல் இருவரும் ஒரே காரில் போகிறார்கள். வழி தவறுகிறது. வழி கேட்கப் போன ஜார்ஜ், வயலில் வேளாண்மைத் துறையினர் ஒரு சிவப்பு இயந்திரத்தைச் சோதித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறான். அதன் கதிர்வீச்சு பூச்சிகளின் நரம்பு மண்டலத்தைக் கலக்கி, அவை ஒன்றையொன்று கொன்றுகொள்ளும்படி செய்கிறது. அதே நேரத்தில் ஆற்றங்கரையில் எட்னாவை ஒருவன் தாக்குகிறான். அடையாளம் சொன்னால், அது கத்ரி என்ற நாடோடியாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அவன் தண்ணீரில் மூழ்கி இறந்துபோனவன் ஆயிற்றே என்கிறார்கள்.

பிறகு அந்த இயந்திரத்தின் எல்லை ஒரு மைலிலிருந்து ஐந்து மைலாக விரிவுபடுத்தப்படுகிறது. மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் கடிக்கத் தொடங்குகின்றன. பச்சிளம் குழந்தையின் நரம்பு மண்டலமும் புதிய பிணத்தின் நரம்பு மண்டலமும் பூச்சியினுடையதைப் போல எளிமையானவை என்று படம் தரும் விளக்கம் அறிவியல்படி நிற்காது. ஆனால் கதைக்குள் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. எட்னாவின் அக்கா கணவர் ஒரு புகைப்படக்காரர். கத்ரி அவரைக் கொல்லும்போது கேமரா இயங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தப் படச்சுருளைக் கழுவிப் பார்த்தால் கொலைகாரனின் உருவம் விழவே இல்லை. ஆக, சாட்சி சொல்ல யாரும் இல்லை. கல்லறை அறையில் கத்ரி மற்ற பிணங்களின் இமைகளில் இரத்தத்தைத் தடவி எழுப்புகிற காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒப்பனையும் உடல் சிதைவுக் காட்சிகளும் ஜானெட்டோ டி ரோஸ்ஸியின் கைவண்ணம்.

இத்தனைக்கும் மேல் ஓர் இன்ஸ்பெக்டர் இருக்கிறார். ஆர்தர் கென்னடி நடித்தது. நீண்ட முடி வைத்த இளைஞர்கள் என்றாலே அவருக்கு ஆகாது. கொலைகள் அனைத்தும் ஜார்ஜ் போன்றவர்களின் வேலை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார். பிணங்களைவிட அவர்தான் பயங்கரமானவர். முடிவில் அவர் ஜார்ஜைச் சுட்டுக் கொல்கிறார். செத்தவர்கள் திரும்ப வந்தால் உன்னை மறுபடியும் கொல்வேன் என்ற பொருளில் ஒரு வார்த்தையும் சொல்கிறார். ஜார்ஜ் திரும்ப வருகிறான்.

கொரியப் படத்தின் கதை என்ன? எவ்வளவு மாற்றியிருக்கிறார்கள்?

எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. காங் மியோங் என்ற இளைஞனும் சூஜி என்ற பெண்ணும் ஒன்றாகப் பயணம் செய்கிறார்கள். வழியில் சூஜியை ஒருவன் தாக்குகிறான். அவன் மூன்று நாட்களுக்கு முன் இறந்த யோங்தோல் என்று தெரியவருகிறது. கிராமப்புறத்தில் பூச்சிகளை ஒழிப்பதற்காக வைத்த மீயொலிக் கருவிதான், அதாவது மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பும் கருவிதான், காரணம். அக்கா குடும்பம் உண்டு, காவல்துறையின் சந்தேகம் உண்டு, இயந்திரம் உண்டு. மூலத்தைப் பார்த்தவர்கள் அடுத்து என்ன வரும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லிவிடலாம்.

அந்த மூன்று நாள் கணக்கு என்னை யோசிக்க வைத்தது. இறந்த மூன்றாம் நாளில் அடக்கம் செய்வது கொரியாவில் வழக்கம். உடலைக் கழுவி, சணல் துணி உடுத்தி, கட்டி, பெட்டியில் வைத்து, பிறகு மலைச்சரிவில் மண்மேடாகக் குவித்த சமாதிக்குக் கொண்டுபோவார்கள். சடங்குகள் அனைத்தும் முடிந்து, மண் மூடிய அந்த நாளிலேயே ஒருவன் எழுந்து வந்தால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்? மான்செஸ்டர் படத்தின் கல்லறைக் காட்சிக்கு ஈடாகக் கொரிய மண்ணிலேயே கிடைத்திருக்கக்கூடிய திகில் அது. படம் அந்த வாசலில் கால் வைத்துவிட்டு உள்ளே போகாமலே திரும்பிவிடுகிறது.

உரிமை வாங்கி எடுத்தார்களா?

வாங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் அன்றைய கொரியச் சட்டத்தின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரியாவின் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், உலகப் பதிப்புரிமை உடன்படிக்கையில் அந்நாடு சேர்ந்ததும் 1987இல்தான். அதற்கு முன் வெளிநாட்டுப் படைப்புகளுக்கு அங்கே நடைமுறையில் பாதுகாப்பு கிடையாது. ஆகவே நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய திருட்டாக இதை அன்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நியாயப்படி மூலப் படைப்பாளிகளுக்குச் சேர வேண்டிய பெயர் சேரவில்லை என்பது வேறு விஷயம். அது எனக்கு வருத்தம்தான்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட படங்களை ஏன் எடுத்தார்கள்?

பாதி விடை இறக்குமதி ஒதுக்கீட்டில் இருக்கிறது. 1973இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டத்தின்படி அரசு உரிமம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே படம் எடுக்கலாம். அப்படிப்பட்டவை சுமார் இருபதுதான். ஹாலிவுட் படங்களையோ ஹாங்காங் படங்களையோ இறக்குமதி செய்யும் உரிமையும் இதே நிறுவனங்களிடம்தான் இருந்தது. அந்த உரிமை வேண்டுமானால் உள்நாட்டில் படம் எடுத்துக் காட்ட வேண்டும். லாபம் வெளிநாட்டுப் படத்தில் இருந்தது. உள்நாட்டுப் படம் அந்த லாபத்துக்குச் செலுத்த வேண்டிய கட்டணமாக ஆகிவிட்டது. குறைந்த செலவில், குறைந்த நாளில், எண்ணிக்கைக்கு ஒன்று என்று படங்கள் குவிந்தன.

இன்னொரு பக்கம் ரசிகர்கள் விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். 1969இல் கொரியாவில் 229 படங்கள் தயாராயின. திரையரங்குகளுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 17 கோடியைத் தாண்டியது. 1981இல் அது சுமார் 4.4 கோடியாகச் சுருங்கியிருந்தது. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்துவிட்டது. 1980 டிசம்பரில் அது வண்ணமாகவும் மாறியது. இந்தச் சூழலில் வெளிநாட்டில் ஓடிய ஒரு கதையை எடுத்துக்கொள்வது தயாரிப்பாளர்களுக்குப் பாதுகாப்பான வழியாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

சரி, ஏமாற்றம் எங்கே இருக்கிறது? பணம் இல்லாததுதானே காரணம்?

பணம் இல்லை என்பது திரையில் தெரிகிறது. பிணங்கள் மிகக் குறைவு. இரத்தம் அதைவிடக் குறைவு. மூலத்தின் கொடூரமான காட்சிகளுக்கு இங்கே இணையே இல்லை. அன்றைய கொரியப் படங்களைப் போல இதிலும் குரல்கள் பின்னர் சேர்க்கப்பட்டவை. நடிகர் காட்டில் நிற்கிறார், குரல் ஓர் அறைக்குள்ளிருந்து வருகிறது. திகில் படத்துக்கு இது பெரிய அடி. ஒரு கிளை முறிவதையும் ஒருவர் மூச்சு வாங்குவதையும் நம்பித்தான் அந்தப் பயமே நிற்கிறது. மான்செஸ்டர் படத்தில் ஜூலியானோ சோர்ஜினியின் இசையோடு பிணங்களின் மூச்சிரைப்பும் கலந்து ஒலிப்பதைக் கேட்டால் வேறுபாடு புரியும்.

ஆனால் பணத்தைக் குற்றம் சொல்லி முடித்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. ரொமேரோவின் 1968 படம் சுமார் 1,14,000 டாலரில், பெரும்பாலும் ஒரு பண்ணை வீட்டைச் சுற்றியே எடுக்கப்பட்டது. பணமில்லாத ஜாம்பி படங்கள் பல முறை நன்றாக வந்திருக்கின்றன. இந்த வகையே ஏழைகளின் வகை. சாம்பல் பூசிய முகங்களும் தள்ளாடும் நடையும் போதும்.

'க்வேஷி'யில் இல்லாதது கோபம். மான்செஸ்டர் படம் முழுக்கக் கோபத்தால் இயங்குகிறது: காற்றைக் கெடுத்தவர்கள்மேல், கேள்வி கேட்காமல் இயந்திரத்தை இயக்கும் அதிகாரிகள்மேல், இளைஞனின் தலைமுடியைப் பார்த்துக் குற்றவாளி என்று தீர்மானிக்கும் காவல்துறைமேல். கொரியப் படம் இயந்திரத்தை எடுத்துக்கொண்டது, பிணத்தை எடுத்துக்கொண்டது, பாதையைக்கூட எடுத்துக்கொண்டது. அந்த இயந்திரத்தை வைத்தவன் யார், அவனை ஏன் யாரும் தடுக்கவில்லை என்ற கேள்வியின் கூர்மையை மட்டும் விட்டுவிட்டது. அது போன பிறகு மிஞ்சுவது தள்ளாடி நடக்கும் சில மனிதர்கள்.

அந்தக் கோபத்தை ஏன் விட்டார்கள்? இயக்குநருக்குத் திறமை போதவில்லையா?

இந்தக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

கிராவ் பார்சிலோனாவில் பிறந்தவர். படம் எடுத்த 1974இல் ஸ்பெயின் இன்னும் பிராங்கோவின் சர்வாதிகாரத்தில் இருந்தது. பிராங்கோ இறந்தது 1975 நவம்பரில். இளைஞர்களை வெறுக்கும், ஆதாரம் பார்க்காமல் சுடும் ஒரு போலீஸ் அதிகாரியை ஸ்பெயினில் நடக்கும் கதையில் காட்டியிருக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். கதை இங்கிலாந்தில் நடக்கிறது. பச்சைக் குன்றுகளில், ஆங்கிலப் பெயர்களுடன். இங்கிலாந்துக்காரன் கெட்டவன் என்றால் மாட்ரிட் அதிகாரிகளுக்கு என்ன கவலை? அந்த அயல்நாட்டுப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு கிராவ் தன் வீட்டைப் பற்றியே பேசினார் என்பது என் வாசிப்பு.

இப்போது 1981 சியோலுக்கு வாருங்கள். கொரிய அதிபர் பார்க் சுங்ஹீ 1979 அக்டோபர் 26 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் சுன் டூஹ்வான் என்ற ஜெனரல் ராணுவத்தைக் கைப்பற்றினார். 1980 மே மாதம் குவாங்ஜூ நகரத்தில் ராணுவம் மக்களைச் சுட்டது. அதைப் பற்றி வாய் திறக்கவே தடை. நாடோடிகள், ரவுடிகள் என்று முத்திரை குத்தி 1980 ஆகஸ்டிலிருந்து 60,000 பேருக்கு மேல் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் சுமார் 40,000 பேர் 'சம்சோங்' சீர்திருத்த முகாம்களுக்கு அனுப்பப்பட்டு வதைபட்டார்கள். நள்ளிரவு முதல் காலை நான்கு மணி வரை ஊரடங்கு. அது நாட்டின் பெரும்பகுதியில் நீங்கியது 1982 ஜனவரியில்தான். எழுபதுகளில் போலீஸ் தெருவில் இளைஞர்களைப் பிடித்து முடி வெட்டியதும், பெண்களின் பாவாடை நீளத்தை அளந்ததும் கொரியர்கள் அனைவருக்கும் நினைவில் இருக்கும்.

அதாவது மான்செஸ்டர் படத்தில் கிராவ் கற்பனையாகக் காட்டிய அனைத்தும் கொரியத் தெருவில் உண்மையாகவே நடந்துகொண்டிருந்தன. நீண்ட முடியை வெறுக்கும் போலீஸ், யாரும் கவலைப்படாத நாடோடியின் உடல், அரசு சொல்வதைத் தவிர வேறு சாட்சி இல்லாத கொலைகள். இதைவிடப் பொருத்தமான மண் இந்தக் கதைக்கு அமைந்திருக்க முடியாது. ஆனால் அந்த மண்ணில் நின்றுகொண்டு அதைச் சொல்லும் வாய்ப்பு காங் பொம்குவுக்கு இல்லை. திரைக்கதையே முன்கூட்டித் தணிக்கைக்குப் போக வேண்டும். முடிந்த படம் மறுபடியும் போக வேண்டும். முன்தணிக்கை அரசமைப்புக்கு விரோதம் என்று கொரிய அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது 1996இல்தான். கிராவுக்கு இங்கிலாந்து கிடைத்தது. கதையைத் தன் நாட்டிலேயே வைத்த காங்குக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

எனவே படம் சலிப்பூட்டுகிறது என்று சொல்லும்போது இயக்குநரின் திறமையை மட்டும் எடைபோடாதீர்கள். அவரிடமிருந்து கதையின் இதயம் எடுக்கப்பட்ட பிறகுதான் அவர் கையில் கேமரா கொடுக்கப்பட்டது. அதற்காகப் படம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாக இல்லை. காட்சிகள் இழுக்கின்றன, நடுப்பகுதியில் பதற்றம் வடிந்துவிடுகிறது. யோங்தோல் வரும்போது மட்டும் சற்று உயிர் வருகிறது.

அரசியலைத் தொடாமலே கொரிய மண்ணுக்கு ஏற்ப மாற்றியிருக்க முடியாதா?

முடிந்திருக்கும். எனக்கு அதிக வருத்தம் தருவது இந்த இடம்தான். எழுபதுகளின் கொரியக் கிராமம் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1970இல் தொடங்கிய புதிய கிராம இயக்கம் கூரை வீடுகளை மாற்றியது, சாலை போட்டது. 'தோங்கில்' என்ற அதிக விளைச்சல் நெல் அரசின் வற்புறுத்தலோடு வயல்களுக்கு வந்தது. உரமும் பூச்சிமருந்தும் அதனோடு சேர்ந்து வந்தன. 1978இல் குலைநோய் தாக்கியது. 1980இன் குளிர்ந்த கோடையில் நெல் விளைச்சல் பெரிதும் சரிந்தது. புதிய விதையையும் புதிய மருந்தையும் நம்பிக் கையைச் சுட்டுக்கொண்ட உழவர்களின் ஊரில், பூச்சியைக் கொல்ல இன்னொரு கருவி வந்து நிற்கிறது என்றால் அந்த ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு கிழவி அதைச் சந்தேகமாகப் பார்க்கும் ஒரே ஒரு நல்ல காட்சி போதும். படம் கொரியப் படமாகியிருக்கும். இங்கே கருவி, கதைக்கு வேண்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் அங்கே நிற்கிறது.

கொரிய ரசிகர்களுக்கு ஜாம்பி அந்நியமாக இருந்ததும் ஒரு காரணமா?

ஓரளவு ஆம். கொரியத் திகிலின் மரபு பெண் ஆவியின் மரபு. வெள்ளை உடை, விரித்த கூந்தல், தீராத மனக்குறை. மாமியார் கொடுமையாலோ கணவனின் துரோகத்தாலோ செத்தவள், தன் குறையைக் கேட்க ஒருவர் கிடைக்கும்வரை வருகிறாள். 1967இல் வந்த 'வோல்ஹாவின் இடுகாடு' இதில் புகழ்பெற்றது. 1977 முதல் தொலைக்காட்சியில் 'புராணங்களின் ஊர்' என்ற தொடர் இதே கதைகளை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. இந்த ஆவியைப் பார்க்கும் ரசிகர் அவளுக்குப் பயப்படுகிறார். அதே நேரம் அவள் பக்கம்தான் நிற்கிறார்.

ஜாம்பிக்கு அப்படி ஒரு குறை கிடையாது. யோங்தோலுக்கு யாரிடமும் கேட்க ஒன்றுமில்லை. ஒரு கருவி அவனை எழுப்பியது, அவ்வளவுதான். மூலத்தில் இந்த வெற்றிடத்தை ஜார்ஜின் கோபம் நிரப்புகிறது. பிணங்களுக்கு இல்லாத வழக்கை அவன் வாதாடுகிறான். கடைசியில் அவனே பிணமாகி வழக்கை முடிக்கிறான். கொரியப் படத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கும் வழக்கு இல்லை, செத்தவர்களுக்கும் இல்லை.

மீயொலியால் பூச்சிகளைக் கொல்ல முடியுமா?

கதையில் வருவதுபோல முடியாது. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதற்கு மேலுள்ளது மீயொலி. காற்றில் அது விரைவில் வலுவிழந்துவிடும். ஐந்து மைல் போகாது, ஒரு சுவரைக்கூடத் தாண்டாது. வௌவாலின் மீயொலியைக் கேட்டு விலகிப் பறக்கும் அந்துப்பூச்சிகள் உண்டு என்பது உண்மை. ஆனால் மீயொலியால் பூச்சிகளையும் எலிகளையும் விரட்டுவதாகச் சொல்லும் வீட்டுக் கருவிகளின் விளம்பரங்களுக்கு ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்காவின் வணிக ஆணையம் 2001இல் அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

இதற்குப் பிறகு கொரிய ஜாம்பி படங்கள் என்ன ஆயின?

பல ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2010இல் 'பக்கத்து வீட்டு ஜாம்பி' என்ற தொகுப்புப் படம் மிகக் குறைந்த செலவில், பெருமளவு இயக்குநர்களின் சொந்த முயற்சியில் வந்தது. 'க்வேஷி'யைவிட அதில் பணம் அதிகம் இருந்ததாகத் திரையில் தெரியவில்லை. ஆனால் ஜாம்பியான தாயை வீட்டில் மறைத்து வைத்திருக்கும் மகள் போன்ற பாத்திரங்கள் அதில் இருந்தார்கள். அந்த ஒரு மகள் போதும், குறைந்த செலவு ஒரு சாக்கு அல்ல என்று காட்டுவதற்கு.

பிறகு 2016. யோன் சாங்ஹோவின் 'பூசானுக்குப் போகும் ரயில்' மே மாதம் கான் விழாவின் நள்ளிரவுக் காட்சியில் திரையிடப்பட்டு, ஜூலையில் கொரியாவில் வெளியாகி, அங்கே மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களை வரவழைத்தது. நிலைமை கட்டுக்குள் இருக்கிறது, மக்கள் அமைதியாக இருங்கள் என்று அரசு அதில் அறிவிக்கும்போது, 2014இல் செவோல் கப்பல் மூழ்கியபோது அறையிலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லப்பட்ட மாணவர்களை நினைக்காத கொரியர் இருந்திருக்க முடியாது. 2015இன் மெர்ஸ் தொற்றும் நினைவில் இருந்தது. 2019இல் வந்த 'கிங்டம்' தொடர் பழைய கொரிய அரச வம்சமான ஜோசோனின் அரசவைக்குப் போய், பசித்த மக்களையும் அதிகாரத்தை விடாத அமைச்சர்களையும் ஜாம்பி கதைக்குள் கொண்டுவந்தது. 1981இல் விட்ட கேள்வியை இவை எடுத்துக்கொண்டன: இதற்குப் பொறுப்பு யார்?

'பூசான்' படத்துக்கு 'க்வேஷி' நேரடி முன்னோடி என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி ஒரு வழித்தொடர்ச்சியை என்னால் பார்க்க முடியவில்லை. காலத்தால் முதலில் வந்தது, அவ்வளவே.

பார்க்கலாமா? எதை முதலில் பார்ப்பது?

மான்செஸ்டர் படத்தை முதலில் பாருங்கள். வெட்டுகள் இல்லாத பதிப்பாகத் தேடுங்கள். பிரிட்டனில் எண்பதுகளில் தடைக்குரிய வீடியோக்கள் என்று அரசு வழக்குரைஞர் அலுவலகம் தயாரித்த பட்டியல்களில் அதுவும் இடம்பெற்றிருந்தது. அதனால் வெட்டப்பட்ட பிரதிகள் நிறைய உலவின. குழந்தைகளோடு பார்க்கும் படம் அல்ல.

அடுத்து 'க்வேஷி'. பயப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுவீர்கள். மூலத்தின் ஒவ்வொரு காட்சியிலும் எது விடப்பட்டது, எது மழுப்பப்பட்டது என்று பார்த்துக்கொண்டே போனால் 1981இன் கொரியா தெரியும். குறிப்பாகக் காவல்துறையினர் வரும் காட்சிகளை இரண்டு படங்களிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.